பீப்பாய் மேல் ஒரு பிரசவ அறை

எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வாசல் வழியாக வராது. அடுப்புக்குப் பின்னால் இருந்த எலி வளையில்தான் முதலில் தலைகாட்டும். கொஞ்சம் நுரை வரும், அதன் பின்னால் கறுப்புத் தண்ணீர், அதற்கும் பின்னால் எலி. எலி ஓடுவதைப் பார்த்ததும் அம்மா அரிசிப் பானையை எடுத்து உத்தரத்தில் தொங்கும் உறியில் வைத்துவிடுவாள். அப்பா வண்டி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். எனக்கு விதிக்கப்பட்ட வேலை கோழிகளைப் பிடித்துக் கட்டிலில் விடுவது.

சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று சொல்லும் பகுதியில், கால்வாய்க்கும் மாட்டுக் கொட்டில்களுக்கும் நடுவே எங்கள் பலகை வீடு இருந்தது. மழை மட்டும் பெய்தால் ஒன்றும் ஆகாது. கடல் மட்டும் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே பொழுதில் வந்தால்தான் கால்வாய்த் தண்ணீர் போக இடமில்லாமல் எங்களிடம் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கால்வாயில் ஒரு இலையைக் கிழித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சில நேரம் அது கடலைப் பார்த்துப் போகும், சில நேரம் ஊருக்குள் வரும், நடுவில் கொஞ்ச நேரம் எங்கும் போகாமல் நிற்கும். அந்த நிற்கும் நேரத்தில் மழை பிடித்தால் வீட்டுக்கு ஓடிப்போய் எலி வருவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள். அப்பா செங்கல் சூளைக்கும் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கும் விறகு ஏற்றிப் போவார். அங்கிருந்த துரைசானி, வண்டியில் உட்கார்ந்திருந்த என்னை இறக்கி உள்ளே கூட்டிப்போனார். அப்பா, இறக்கிய விறகோடு இதுவும் போகட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை அப்போது அடிக்கடி சொல்வேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரு வெள்ளத்தில் நான் உத்தரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மி இருந்த இடத்திலேயே மூழ்கிக் கிடந்தது. முறம் மிதந்தது. கயிற்றுக் கட்டில் மெல்ல எழுந்து, மூன்று கோழிகளோடு அறையைச் சுற்றி வந்து, சுவரில் முட்டித் திரும்பியது. கோழிகளின் கால்கூட நனையவில்லை. வீட்டிலேயே அந்த மூன்றும்தான் அன்று நிம்மதியாக இருந்தன. நாம் ஏன் கட்டிலாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். தோன்றியதோடு சரி. அதற்கு ஒரு வேலை வந்தது அக்காவால்.

அக்காவை ரயிலில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தீவில் ரயில் ஓடத் தொடங்கிய புதிது அது. கோட்டை மலை அடிவாரத்தில், ரயில்காரர்களுக்குக் கட்டிய செங்கல் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். வெள்ளம் எட்டிப் பார்க்காத இடம். ஆனால் வீடு என்பது ஒரே ஒரு அறை. மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், அத்தான் எல்லாரும் அதற்குள்தான். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் காரியம், முன்வாசலைச் சாணி போட்டு மெழுகியது. தலைப் பிரசவம் தாய் வீட்டில்தானே. அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. கடல் கடந்து வந்த மறு வருஷம், தோட்டத்துக் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில், பெயர் தெரியாத ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பெற்றவள் அவள்.

அக்காவின் மாமியார் வீட்டைப் பார்க்க வந்தார். வெற்றிலை போட்டார். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் பலகைச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு வீட்டைச் சுற்றி ஓடும். போன வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லலை, சம்பந்தி," என்றார். "மார்கழியில பிரசவம். கொட்டுற மழை. பச்சை உடம்புக்காரியை எங்க தூக்கி வைப்பீங்க, உறியிலயா? தண்ணி வராத இடமா ஒண்ணு காட்டுங்க, கூட்டிட்டுப் போங்க."

 அவர் சொன்னதில் தப்பில்லை.

அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் அழவில்லை. "அங்க நாலு ஆம்பளைங்க தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாங்கடி," என்றாள். "வலி வந்தா வாயைத் துணியால அடைச்சுக்கணும். எனக்கு அம்மா வேணும்."

மேட்டில் வேறு வீடு பார்க்க அப்பாவுக்கு வசதியில்லை. மலாய்க்காரர்களைப் போல் உயரமான கால் நட்டு வீட்டைத் தூக்கலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளை பெற்றவள் ஏணியில் ஏறி இறங்குவதா என்று அம்மா மறுத்துவிட்டாள். அதோடு எங்கள் மண் சேறு, பக்கத்து வீட்டுக்காரர் நட்ட கால்கள் ஒன்று மாற்றி ஒன்று உள்ளே போய், அவர் வீடு குடித்தவன் போல் சாய்ந்து நின்றது. எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. எவ்வளவு உயரம் தூக்குவது? போன தடவை இடுப்பு வரை வந்தது. அடுத்த தடவை நெஞ்சு வரை வராது என்று யார் சொல்ல முடியும்? தண்ணீர் எவ்வளவு வரும் என்று நாம் எதற்கு ஊகிக்க வேண்டும்? அது வரும் அளவுக்கு வீடும் ஏறிக்கொள்ளட்டும்.

இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "விறகு வண்டிக்காரன் வீட்டுல கப்பலா, அம்மாடி?"

கப்பல் இல்லை, ஒரு அறை என்றேன். சமையலும் மாடும் எல்லாம் பழைய வீட்டிலேயே இருக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் பக்கத்தில் ஒரு அறை. தண்ணீர் இல்லாத நாளில் மற்ற அறைகளைப் போல் மண்ணில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வந்தால் எழும், வடிந்தால் அதே இடத்தில் உட்காரும். கட்டிலும் கோழியும் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு அந்தக் கோழிகள் நினைவிருந்தன. "கட்டில் சுத்தி வந்துச்சே," என்றாள். "பிள்ளை பெத்தவ சுத்தி வரலாமா?"

சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் காலாங் ஆற்று முகத்துக்குப் போனேன். அப்பா கூரை வேயும் அத்தாப்பு ஓலை ஏற்றப் போகும்போது நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அங்கே தண்ணீரின் மேல் மலாய்க்காரர் வீடுகள் கால் ஊன்றி நின்றன. எனக்கு வீடுகளைவிடப் படகுகள் மேல்தான் கண். ஒரு படகைக் கரையில் நட்ட கழியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டவில்லை. பிரம்பை வளையமாகப் பின்னிக் கழியில் மாட்டி, அந்த வளையத்தோடு படகைக் கட்டியிருந்தார்கள். நீர் ஏற ஏற வளையம் கழியில் வழுக்கிக்கொண்டு மேலே போனது. படகு எழுந்தது, ஆனால் நகரவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தாப்பு விற்ற மலாய்க்காரம்மா என்னைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டார். எதையாவது தொலைத்துவிட்டாளா என்று கேட்டாராம். கிடைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.

அடுத்தது எதன் மேல் மிதப்பது என்பது. முதலில் மண்ணெண்ணெய்த் தகரத்தை ஈயம் வைத்து மூடிக் கால்வாயில் விட்டு, அதன் மேல் செங்கல் அடுக்கிப் பார்த்தேன். பள்ளியில் துரைசானி ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டியிருந்தார். எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தாங்கும். சொல்லும்போது புரிந்த மாதிரி இருந்தது. செங்கல் ஒவ்வொன்றாக வைத்து, தகரம் இறங்கிக்கொண்டே வந்து, விளிம்பு நீரோடு சமமாகி, இன்னும் ஒரு செங்கல் வைத்ததும் சத்தமில்லாமல் காணாமல் போனதைப் பார்த்தபோதுதான் நிஜமாகப் புரிந்தது. கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டு நின்று பார்த்தார்கள். ஒருவர், படிக்க வைத்தால் இப்படித்தான், செங்கல்லைத் தண்ணீரில் போடும் என்றார்.

தகரம் துருப்பிடிக்கும். பீப்பாய்தான் சரி. சாலையில் எண்ணெய்க் கடை வைத்திருந்த நாகூர்க்காரரை அப்பா பாய் என்று கூப்பிடுவார், அவர் கடைக்கும் அப்பாதான் விறகு போட்டு வந்தார். தேங்காயெண்ணெய் வந்து காலியான பீப்பாய்கள் அவர் கடைக்குப் பின்னால் உருண்டு கிடந்தன. எட்டு வேண்டும் என்று அப்பா கேட்டதும் பாய் கண்ணை இடுக்கிக்கொண்டு, "எட்டுப் பீப்பாயா? என்ன, மறுபடி ஊருக்கே மிதந்து போயிரலாம்னு பாக்குறீகளா?" என்றார். விஷயத்தைக் கேட்ட பிறகு ஒன்பதாவதாகவும் ஒன்றை உருட்டிவிட்டார். ஒன்று ஒழுகினால் இருக்கட்டுமாம்.

அடைப்பில் துணி சுற்றிக் குங்கிலியம் உருக்கி ஊற்றினோம். பீப்பாய்களைப் படுக்க வைத்து, மேலே உத்தரக்கட்டை போட்டு, பலகை அடித்தோம். மூங்கில் தட்டி, அத்தாப்புக் கூரை. நான்கு மூலையிலும் சேற்றில் அழுகாத நீளமான நிபோங் பனைமரம் நட்டுப் பிரம்பு வளையம் மாட்டினோம். அறைக்குள் போக ஒரே ஒரு படி. ஒரு படி பரவாயில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

ஆனால் உள்ளே எதை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒரு பக்கம் கனம் கூடினால் அந்தப் பக்கம் சாயும் என்பதால் நான் கரியால் தரையில் வட்டம் போட்டு வைத்தேன். இங்கே தண்ணீர்த் தொட்டி, இங்கே கட்டில், இங்கே மருந்து அரைக்கும் அம்மி. அம்மிக்கு நான் போட்ட வட்டம் நட்ட நடுவில் இருந்தது.

"வர்றவ போறவ எல்லாம் காலை இடிச்சுக்கவா?" என்றாள் அம்மா.

இடித்துக்கொள்வது சாய்வதைவிட நல்லது என்றேன்.

"படிச்சா அம்மிகூட நடுவீட்டுக்கு வந்துரும் போல," என்று முணுமுணுத்துக்கொண்டே நடுவில் வைத்தாள். அன்றைக்கே அவள்தான் முதலில் இடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் நொண்டிக்கொண்டு போனாள்.

எல்லாம் முடிந்து நிலை வைக்கும் நாள் வந்தது. நிலை வைக்காமல் அது அறை ஆகாது, அதில் ஒரு பிள்ளை பிறக்கவும் முடியாது. இதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை, எனக்கும் இல்லை. நல்ல நேரம் பார்த்து, அப்பா புது மரத்தில் நிலை செய்து கொண்டுவந்தார். நிலைக்கால் இரண்டையும் வழக்கத்தைவிட நீளமாக விட்டிருந்தார். தரைப் பலகையைத் தாண்டிக் கீழே போய் மண்ணைத் தொட வேண்டுமல்லவா. குழி தோண்டி, நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் போட்டு, பால் ஊற்றி, நிலைக்காலை இறக்கி மண்ணைத் தள்ளி இடித்து இறுக்கினார்கள். தட்டிச் சுவரை நிலையோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். மாமியார் வந்திருந்தார். மஞ்சளை வாங்கித் தன் கையாலேயே நிலைக்குப் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார். அறைக்குள் போய் பலகையை மிதித்துப் பார்த்தார், அம்மியில் காலை இடித்துக்கொண்டார். "சரி, கூட்டிட்டு வாங்க," என்றார். "ஆனா ஒரு மழை பாக்கணும் நான். மனசுக்குச் சரிப்படலைன்னா அன்னைக்கே என் மருமகளைக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்ப யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

வளைகாப்பு முடிந்து அக்கா வந்தாள். அந்த அறையில் அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்க்க வேண்டும். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, எழுப்ப மனசில்லாமல், ஆறிப்போன கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். மாமியார் வாரம் ஒரு முறை அக்காவுக்குப் பிடித்ததை ஆக்கி எடுத்துக்கொண்டு வருவார், வந்ததும் வானத்தைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன், எனக்கு வேறு காரணம். எனக்கு அது எழும்புவதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசையை வெளியே சொல்ல முடியுமா?

மாமியார் புளிச்சோறு கொண்டுவந்திருந்த ஒரு நாள் காலையில் மழை பிடித்தது. நான் கால்வாய்க்கு ஓடினேன். இலை நின்றது. பிறகு ஊருக்குள் வரத் தொடங்கியது. திரும்பி வருவதற்குள் எலி ஓடிவிட்டிருந்தது. மாமியார், அம்மா, அக்கா, நான் நால்வரும் அறைக்குள் ஏறிக்கொண்டோம். அப்பா மாடுகளை மேட்டில் விட்டுவிட்டு வந்து, முழங்கால் தண்ணீரில் எங்களைப் பார்த்தபடி வெளியே நின்றார்.

பீப்பாய்களுக்கு அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே ஏதோ ஒன்று மூச்சு இழுப்பது போல் பலகை அசைந்தது. பின்பக்கம் எழும்பியது. நான் கையைத் தட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். பின்பக்கம் இன்னும் எழும்பியது. முன்பக்கம் எழும்பவில்லை.

சொம்பு உருண்டு வாசலைப் பார்த்துப் போனது. புளிச்சோற்றுத் தூக்கு அதைத் தொடர்ந்தது. அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள், கட்டிலே மெல்ல வழுக்கியது. என் கணக்கில் தப்பில்லை, தொட்டி அதன் வட்டத்தில், அம்மி அதன் வட்டத்தில். பிறகு எது? பீப்பாய் ஒழுகுகிறதா? ஒழுகினால் முன்பக்கம் தாழ வேண்டும், ஆனால் அது தாழவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. தாழாமலும் எழும்பாமலும் ஒன்று நின்றால் அதை யாரோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமுமாக நிலை, பிள்ளையார் மாதிரி, மண்ணில் உறுதியாக நின்றது. அறை முழுவதும் மேலே போக இழுக்க, நிலை விடவில்லை. ஆணிகள் முனகின.

மிதக்க வேண்டிய அறையை நாங்களே நல்ல நேரம் பார்த்து, பால் ஊற்றி, பூமியோடு கட்டிப் போட்டிருந்தோம். ஒரு மாதமாக அந்த வாசலில்தான் போகிறோம், வருகிறோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. நிலை மண்ணில் இல்லாத வீடு என்று ஒன்று எங்கள் யார் மனசிலும் இருந்ததில்லை.

நிலைக்காலை அறுங்கள் என்று அப்பாவிடம் கத்தினேன். வண்டியடியில் கட்டியிருந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நிலையின் முன் நின்றுவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரி உள்ளே இருக்கும்போது ஆணிகூட அடிக்கக் கூடாது என்பார்கள். அம்மா, "வேணாங்க, நிலையில ரம்பம் வைக்காதீங்க, பிள்ளைக்கு ஆகாது," என்றாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாசல் பக்கத்துப் பலகை மேல் முதல் அலை வந்து போனது. அக்கா ஒரு கையால் கட்டிலையும் மறு கையால் வயிற்றையும் பிடித்திருந்தாள். நான் எடையைப் பற்றி, விசையைப் பற்றி என்னவோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அப்போது அது கேட்க வேண்டிய பேச்சும் இல்லை.

மாமியார் சுவரைப் பிடித்துப் பிடித்து, சாய்ந்த தரையில் இறங்கி வாசலுக்குப் போனார். முந்தானையால் நிலைக்கால்களிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மஞ்சள் பூசினவ நான், சம்பந்தி," என்று அப்பாவிடம் சொன்னார். "இந்த நிலை மண்ணுல வேணாம்னு சொல்றவளும் நான்தான். ஏதாச்சும் வந்தா என் தலையில வரட்டும். அறுங்க."

அப்பா குனிந்து, தண்ணீருக்குள்ளேயே அறுத்தார். முதல் கால் அறுந்ததும் அறை ஒரு பக்கமாகத் திருகியது. இரண்டாவது பாதிக்கு மேல் போனபோது அதுவே ஒடிந்தது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. முன்பக்கம் சட்டென எழும்பி, ஒருமுறை கீழே போய், மறுபடி எழும்பி, நேராகிவிட்டது. பிரம்பு வளையங்கள் நிபோங்கில் கிறீச்சிட்டன.  உருண்டு போன சொம்பு, தரை சமமானதும் பாதி வழி திரும்பி வந்து நின்றது.

 அப்பா இப்போது இடுப்பு வரை தண்ணீரில் நின்று, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முன்பு அவர் எங்களுக்குச் சமமாக இருந்தார். மாமியார் அம்மியின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் தேடினார். அது நனையவில்லை. வாயில் போட்டு மெல்லத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏய் படிச்சவளே, இது இன்னும் எவ்வளவு மேல போகும்?"

தண்ணீர் போகும் வரை என்றேன்.

"தண்ணி நிக்கலைன்னா?"

நிபோங்கின் நுனி வரை போகும், அதற்கும் மேலே போனால் வளையம் கழன்றுவிடும் என்று உண்மையைச் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள். மாமியார் வெளியே எட்டி நிபோங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கூரையைவிட உயரம் இருந்தது. அந்த உயரத்துக்கு வந்தால் நானே நீந்திப் போய்விடுவேன் என்றார். அக்கா சிரித்தாள். மாமியார் எதிரில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொழுது சாயும் முன் தண்ணீர் வடிந்தது. அறை இறங்கி, கொஞ்சம் தள்ளி, ஆனால் நேராக உட்கார்ந்தது. மாமியார் சேற்றில் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். அக்காவின் துணிமணி மூட்டையை எடுக்கச் சொல்வார் என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எடுக்கச் சொல்லவில்லை. அறுந்த நிலையைக் காட்டினார்.

"மறுபடி பூசை போட்டு வைங்க. இந்தத் தடவை மண்ணுல வேணாம்."

மண்ணில் இல்லாமல் நவதானியத்தை எங்கே போடுவது என்று அப்பா என்னைக் கேட்டார். பள்ளியில் அதற்குப் பாடம் இல்லை. அம்மாதான், மஞ்சள் துணியில் முடிந்து வாசல் பலகைக்கு அடியில் கட்டினாள். காசையும் அதற்குள்ளேயே வைத்தாள். அறை எங்கே போனாலும் கூடவே வரட்டும் என்றாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த மார்கழியில் மழை சொன்னபடி வந்தது. அக்காவுக்கு வலி கண்டது ஒரு பகல் பொழுதில், தண்ணீர் அறையைத் தூக்கியிருந்தபோது. கல்யாணமாகாத பெண் உள்ளே இருக்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்த மேசை மேல், வெந்நீர் போட ஒரு மண் அடுப்பையும் வைத்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தேன். பிள்ளைப்பேறு பார்க்கும் அம்மாளை அப்பா முதுகில் சுமந்து கொண்டுவந்து ஏற்றினார். எனக்கு எதிரே ஒரு பீப்பாயின் வட்டமான முகம் தெரிந்தது. அந்த அம்மாள் ஏறியதும் அது ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இறங்கியது. வெந்நீர்க் குடம் போனது, இன்னும் ஒரு நூல் இறங்கியது. குடம் காலியாகித் திரும்பி வந்ததும் பீப்பாய் ஏறியது. உள்ளே நடப்பதெல்லாம் எனக்கு அந்தப் பீப்பாயில் தெரிந்தது. அக்காவின் சத்தத்துக்கு மாட்டுக் கொட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதையும் வாயில் அடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு வேறொரு குரல் கேட்டது, சின்னது, கோபமானது. உள்ளே ஒரு ஆள் கூடிவிட்டது. நான் பீப்பாயைப் பார்த்தேன். அசையவே இல்லை. அவ்வளவு சின்ன எடை கண்ணுக்குத் தெரியாது என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எத்தனை பெரிய பிள்ளையாக இருந்தாலும் அது அசைந்திருக்காது. இந்த ஆள் புதிதாக ஏறவில்லை. அக்கா வந்த அன்றே ஏறிவிட்ட ஆள்.

அம்மா தட்டியை விலக்கித் தலையை நீட்டினாள். பெண் பிள்ளை என்றாள். முகம் நனைந்திருந்தது. நான் மேசை மேல் எழுந்து நின்று, பீப்பாய் ஏன் இறங்கவில்லை தெரியுமா என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"அதெல்லாம் அப்புறம்," என்றாள். "முதல்ல இன்னொரு குடம் வெந்நீர் அனுப்பு."